மரமும் அக்ரிலிக்கும் வைத்து நீர்மூழ்கி கட்டலாமா? – வாசகர் கேள்வி, பதில்

வீட்டுப் பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து போகிற நீர்மூழ்கி செய்ய முடியுமா என்று பல ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். 18 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் 2 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், 1 மீட்டர் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து, எபாக்ஸிப் பசையும் ஃபைபர் துணியும் போட்டு, முன்னால் அக்ரிலிக் ஜன்னல் வைத்து, ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கல்குவாரித் தண்ணீரில் 3 மீட்டர் இறங்கிப் பார்க்க ஆசை. கசியாமல் பார்த்துக்கொண்டால் போதும்தானே? – கோவை வாசகர்

பதில்: கசிவைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் பெட்டி முதலில் மூழ்கவே மூழ்காது. 2 × 0.8 × 1 என்று பெருக்கிப் பாருங்கள், 1.6 கன மீட்டர் வருகிறது. அது முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டுமென்றால் உங்களையும் சேர்த்து மொத்த எடை 1,600 கிலோ இருக்க வேண்டும், கடலில் என்றால் இன்னும் 40 கிலோ கூடுதலாக. ப்ளைவுட் ஏறக்குறைய 100 கிலோ வரும். சட்டங்கள், ஜன்னல், மோட்டார், பேட்டரி, நீங்கள் என்று எல்லாவற்றையும் தாராளமாகப் போட்டுப் பார்த்தாலும் 400 கிலோவைத் தாண்டுவது கஷ்டம். மீதி 1,200 கிலோவுக்கு ஈயமோ இரும்போ அடியில் கட்டியாக வேண்டும். அந்த எடையைத் தாங்கும் அடிச்சட்டம் வேண்டும், தூக்கி இறக்க கிரேன் வேண்டும். உள்ளே நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு லிட்டர் இடத்துக்கும் ஒரு கிலோ பாரம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் தனி ஆள் நீர்மூழ்கிகள் எல்லாம் ஆளை ஒட்டித் தைத்த சட்டை போல அவ்வளவு குறுகலாக இருக்கின்றன.

அடுத்தது அழுத்தம். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கப் பலகை 2 சதுர மீட்டர், 3 மீட்டர் ஆழத்தில் அதன் மேல் 6 டன் அழுத்தும், எதிர்ப்பக்கம் இன்னொரு 6 டன். உருளையோ கோளமோ என்றால் சுவர் முழுக்க அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும். தட்டைப் பலகை அப்படியே வளைந்து கொடுக்கும். வளைவது பலகை, ஆனால் முதலில் விட்டுப்போவது மூலைப் பொருத்துகள், ஏனென்றால் வளைகிற மரத்தோடு எபாக்ஸியால் அவ்வளவு தூரம் கூடவே போக முடியாது. உள்ளே நெருக்கமாகச் சட்டம் அடித்துச் சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொரு சட்டத்தின் திருகு ஓட்டையும் தண்ணீர் நுழைய ஒரு வழி. வெட்டுமுகத்தில் ஈரம் ஏறினால் மரத்தின் பலம் குறையும், எடையும் கூடும். காலையில் சரியாக மிதந்தது மதியத்துக்குமேல் சில கிலோ கனத்துப்போய் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தண்ணீருக்குள் சமநிலையில் நிற்கும் ஒரு பொருளுக்கு அந்தச் சில கிலோவே போதும், தரைக்குப் போய்விடும்.

என் கருத்தைக் கேட்டால், மரத்தில் கட்டுகிறவர் முழுக்க மூடிய நீர்மூழ்கியில் தொடங்கவே கூடாது. பாதி மூழ்கும் படகு செய்யுங்கள். உட்காரும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் அக்ரிலிக் ஜன்னல், தலைக்கு மேல் வாய் எப்போதும் திறந்து, நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மிதவைகளைக் கட்டிவிட்டால் உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காது. மீனைப் பார்க்க அது போதும், மூச்சுக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை, உங்கள் தச்சு வேலைத் திறமையும் முழுசாகப் பயன்படும். கல்குவாரி மட்டும் வேண்டாம். கரை செங்குத்து, திடீர் ஆழம், ஏறி வர இடமில்லை, கூப்பிட்டால் ஓடிவர ஆளும் இல்லை.

கேள்வி: உண்மையிலேயே மரத்தில் யாராவது நீர்மூழ்கி செய்து ஓட்டியிருக்கிறார்களா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஆரம்பகால நீர்மூழ்கிகள் பெரும்பாலும் மரம்தான். 1620-களில் லண்டன் தேம்ஸ் நதியில் கார்னெலிஸ் டிரெபெல் ஓட்டிக் காட்டியது மரச்சட்டத்தின் மேல் எண்ணெய் ஊறிய தோல் போர்த்திய படகு, துடுப்பு போட்டு நகர்த்தினார்கள். 1775-இல் அமெரிக்காவில் டேவிட் புஷ்னெல் கட்டிய 'டர்ட்டில்' ஓக் மரத்தில் இரும்புப் பட்டை இறுக்கித் தார் பூசியது, ஒரே ஆள் உட்காரலாம், உள்ளே இருக்கும் காற்று அரை மணி நேரம்தான் வரும். அடுத்த ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடியில் வெடியைப் பொருத்த அதில் போய் முயன்றார்கள், முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் பார்சலோனாவின் நார்சிஸ் மொந்துரியோல். பவளம் எடுக்க மூழ்குகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணமே வந்தது. போருக்காக இல்லாமல் உழைக்கிறவர்களுக்காக ஒருவர் நீர்மூழ்கி யோசித்தார் என்பதை நினைத்தாலே எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. 7 மீட்டர் நீளமுள்ள அவருடைய முதல் 'இக்தினேயோ' 1859-இல் இறங்கியது. ஆலிவ் மரமும் ஓக் மரமும் சேர்த்துக் கட்டி மேலே செப்புத் தகடு போர்த்தியது. 20 மீட்டர் வரை போய்வந்தது. பல முறை மூழ்கி எழுந்த அந்தப் படகு கடைசியில் உடைந்தது ஆழத்தில் இல்லை, 1862-இல் துறைமுகத்தில் கட்டியிருந்தபோது ஒரு சரக்குக் கப்பல் இடித்துத்தான்.

வீட்டுப் பட்டறை என்ற அளவுக்கு மிகவும் நெருங்கி வருவது சைமன் லேக்கின் 'ஆர்கோனாட் ஜூனியர்'. 1894, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம். கையில் பெரிய பணம் இல்லை. பைன் மரப் பலகையை இரண்டு அடுக்காக வைத்து, நடுவே கேன்வாஸ் துணி கொடுத்து, சுமார் 14 அடி நீளத்துக்கு ஒரு பெட்டி செய்தார். அடியில் சக்கரம். உள்ளே இருந்தபடி கையால் சுற்றினால் கடல் தரையில் உருண்டு போகும். காற்றை அடைத்து வைக்க, சோடாக் கடையில் பயன்படுத்தும் ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டார். கலத்தின் அடிப்பகுதியில் ஒரு கதவு இருந்தது, கடலுக்குள்ளேயே அதைத் திறந்து தரையில் கிடக்கும் சிப்பியைக் கையால் எடுத்தார்கள். தண்ணீர் ஏன் உள்ளே வரவில்லை என்பதற்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

கேள்வி: அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அடிப்பக்கம் திறந்த மரக் கூண்டைக் கவிழ்த்து இறக்கினால் உள்ளே காற்று நிற்குமே, அதில் உட்கார்ந்து போனால் பலகைக்கு அழுத்தமே இருக்காது என்கிறார் என் நண்பர். சரியா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பெருமளவு சரி. லேக் செய்ததும் அதுதான். உள்ளே காற்றின் அழுத்தத்தை வெளியே தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கிவிட்டால் அடிக்கதவைத் திறந்தாலும் தண்ணீர் ஏறாது, சுவரின் மேல் 6 டன் என்ற பேச்சும் போய்விடும். கூரைக்கு அருகில் மட்டும் உள்ளிருந்து வெளியே கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். மரத்துக்குப் பொருந்துகிற முறை இதுதான்.

ஆனால் பலகையிலிருந்து இறங்கிய பாரம் உங்கள் உடம்புக்கு மாறிவிடுகிறது. முதல் சிக்கல் மிதப்பு. மேலே 1,000 லிட்டர் காற்றோடு கிளம்புகிற கூண்டு 3 மீட்டரில் வெளியிலிருந்து காற்று சேர்க்காவிட்டால் சுமார் 770 லிட்டராகச் சுருங்கும், 230 கிலோ மிதப்பு போய்விடும். இறங்க இறங்கக் கனம் கூடி இன்னும் வேகமாக இறங்கும். ஏறும்போது இதற்கு நேர் எதிர், காற்று விரிந்து ஆளைத் தூக்கி அடிக்கும். இறங்கும்போது காற்று சேர்க்கவும் ஏறும்போது வெளியே விடவும் கை எந்நேரமும் வால்வில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் உயிரோடு சம்பந்தப்பட்டது. மேலே ஒரு மூச்சு இழுத்துத் தம் பிடித்து மூழ்கி எழுகிறவருக்கு இந்த ஆபத்து கிடையாது. ஆழத்தில், அந்த அழுத்தத்தில் இருக்கும் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்குள் காற்று விரிந்து திசு கிழியும், காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இதற்கு பத்து மீட்டர் வேண்டியதில்லை, ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே நடந்திருக்கிறது. பயந்துபோன மனிதன் இயல்பாகவே மூச்சைப் பிடித்துக்கொள்வான் என்பதுதான் இதில் கொடுமை. கம்ப்ரஸர் குழாய் போட்டு அதிக நேரம் அடியில் வேலை செய்கிறவர்களுக்கு மூட்டு வலியும் கை கால் மரத்துப்போவதும் வருவதைப் பற்றி உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அதுவும் இதே காற்று செய்கிற வேலைதான். எனவே திறந்த கூண்டில் ஏறும் முன் முறையாக ஸ்கூபா பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டு கட்டச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: 40 செ.மீ. விட்டமுள்ள வட்ட ஜன்னலுக்கு 10 மி.மீ. அக்ரிலிக் போதுமா? எப்படிப் பொருத்துவது? – சென்னை, அம்பத்தூர் வாசகர்

பதில்: போதாது. 3 மீட்டரில் அந்த வட்டத்தின் மேல் கிட்டத்தட்ட 375 கிலோ உட்காரும். 10 மி.மீ. தகடு நடுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே குழியும். அன்றைக்கே உடையாமல் இருக்கலாம், ஆனால் அப்படி வளைந்து வளைந்து நிமிர்கிற அக்ரிலிக்கில் நூல் நூலாக வெடிப்பு ஓடும், பிறகு ஒரு நாள் போய்விடும். தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும், உள்ளே ஏறும் இழுவிசை நான்கில் ஒரு பங்காகும். அதனால் தடிமனில் சிக்கனம் பார்க்க வேண்டாம், 20 மி.மீ.க்குக் கீழே யோசிக்காதீர்கள், அல்லது விட்டத்தைக் குறையுங்கள். கடையில் கேட்டு வாங்கும்போது வார்ப்பு அக்ரிலிக்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இழுத்துச் செய்த மலிவுத் தகடு வேண்டாம்.

பொருத்தும் முறையில்தான் நிறைய பேர் கெடுத்துவிடுகிறார்கள். தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்குவதுதான் கைப்பழக்கம், ஆனால் அக்ரிலிக்கில் வெடிப்பு தொடங்குவதே அந்த ஓட்டைகளில்தான். வெயிலில் அது இரும்பைப் போல ஆறு மடங்கு விரியும், மரத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டால் விரிய இடமில்லாமல் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். ஜன்னலைத் திறப்பைவிடப் பெரிதாக வெட்டி, வெளிப்பக்கமாக, ரப்பர் காஸ்கெட் மேல் உட்கார வையுங்கள். தண்ணீரே அதை இருக்கைக்குள் தள்ளிப் பிடிக்கும். மேலே ஒரு வளையத்தைப் போட்டு லேசாகப் பிடித்தால் போதும், சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்குங்கள்.

அக்ரிலிக்கை ஏதோ விளம்பரப் பலகைப் பொருள் என்று குறைவாக நினைக்க வேண்டாம். 1960-இல் உலகிலேயே ஆழமான கடல் தரைக்கு, கிட்டத்தட்ட 10,900 மீட்டருக்கு, இறங்கிய 'டிரியெஸ்ட்' கலத்தின் ஜன்னல் இதே வகைப் பொருளில் கூம்பு வடிவமாகச் செய்ததுதான். அழுத்தம் கூடக் கூட கூம்பு தன் இருக்கையில் இன்னும் இறுகும். அந்தப் பயணத்தில் ஆட்கள் இருந்த கோளத்துக்கு வெளியே, நுழைவுக் குழாயில் இருந்த ஒரு ஜன்னல் மட்டும் சுமார் 9,000 மீட்டரில் விரிசல் விட்டுக் கலத்தையே குலுக்கியது.

கேள்வி: மூடிய கலத்தில் ஒருவருக்குக் காற்று எவ்வளவு நேரம் வரும்? ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததா? – திருச்சி வாசகர்

பதில்: தீராது. முதலில் ஆளை அடிப்பது ஆக்சிஜன் குறைவு அல்ல, நாம் வெளியே விடும் கரியமில வாயு. சும்மா உட்கார்ந்து விசையை மட்டும் இயக்குகிறவர் மணிக்கு 20 லிட்டர் அளவுக்கு அதை வெளியிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், கோவை வாசகரின் பெட்டியில் மிஞ்சும் 1,400 லிட்டர் காற்றில் முக்கால் மணிக்குள் அது 1 சதவீதத்தைத் தொடும், இரண்டு மணி நேரத்தில் 3 சதவீதத்தை நெருங்கும். அப்போது தலைவலி, படபடப்பு, மேல்மூச்சு வாங்கும், யோசனை மங்கத் தொடங்கும். பெடல் மிதித்து ஓட்டுகிறவர் என்றால் இந்த நேரமெல்லாம் பல மடங்கு சுருங்கிவிடும். ஆக்சிஜனை மட்டும் திறந்துவிட்டால் கரியமில வாயு அப்படியே இருக்கும், கூடவே தீப்பிடிக்கும் ஆபத்தும் ஏறும்.

கரியமில வாயுவை உறிஞ்ச சோடா லைம் பயன்படுத்துகிறார்கள். மயக்க மருந்து இயந்திரங்களில் வைக்கும் அதே பொருள்தான். ஒரு கிலோவால் நூறு லிட்டருக்கு மேல் உறிஞ்ச முடியும், ஒரு சின்ன மின்விசிறி வைத்துக் காற்றை அதன் வழியாக ஓட்ட வேண்டும். ஆனால் குளிரில் இது சரியாக வேலை செய்யாது. 1973 ஜூனில் ஃப்ளோரிடா கடலில் 'ஜான்சன் சீ லிங்க்' என்ற ஆய்வுக் கலம் மூழ்கிய கப்பல் ஒன்றின் சிதைவில் சிக்கி ஒரு நாளுக்கு மேல் கிடந்தது. முன்னால் தடித்த அக்ரிலிக் கோளத்துக்குள் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் அலுமினிய அறையில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள், ஏனென்றால் அலுமினியம் கடலின் குளிரை உள்ளே கடத்திவிட்டது, உறிஞ்சும் மருந்து செயலிழந்தது. அக்ரிலிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது.

பேட்டரியை உட்காரும் அறைக்குள் வைக்காதீர்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது. அதில் கடல்தண்ணீர் புகுந்தால் குளோரின் வாயு வரும். தனி அறை, தனிக் காற்றுவழி வேண்டும்.

கேள்வி: ஏதாவது ஆகிவிட்டால் மூடியைத் திறந்து நீந்தி வந்துவிடலாமே? – சிவகாசி வாசகர்

பதில்: திறக்க முடியாது. 50 செ.மீ. வட்ட மூடியின் மேல் 3 மீட்டரில் சுமார் 590 கிலோ இருக்கும், அதைத் தள்ளுகிற மனிதர் யாரும் இல்லை. வெளியே வர ஒரே வழி, உள்ளே வேண்டுமென்றே தண்ணீர் விட்டு அழுத்தத்தைச் சமமாக்குவது. போதிய அளவு தண்ணீர் ஏறும்வரை மேலே மிஞ்சியிருக்கும் காற்றில் பொறுமையாகக் காத்திருந்து, சமமானதும் திறந்து, மூச்சை விட்டுக்கொண்டே மேலே வர வேண்டும். கும்மிருட்டில் அதைச் செய்ய நீச்சல் குளத்தில் ஆள் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். வெள்ளம் விடும் வால்வு, ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த நிலைமைக்கே போகாமல் இருக்கத்தான் கழற்றிவிடும் பாரம். 'டர்ட்டில்' படகிலேயே சுமார் 90 கிலோ ஈயத்தை உள்ளிருந்தே கீழே இறக்கிவிட வசதி செய்திருந்தார்கள். இந்தப் பாரம் மின்சாரத்தையோ காற்றழுத்தத்தையோ நம்பி இருக்கக் கூடாது, கையால் ஒரு பிடியைத் திருப்பினால் விழ வேண்டும், கலம் சாய்ந்து கிடந்தாலும் விழ வேண்டும். 1774 ஜூனில் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஜான் டே என்பவர் ஒரு படகுக்குள் மர அறை கட்டி, வெளியே கற்களைத் தொங்கவிட்டு, உள்ளிருந்து அவற்றை அவிழ்த்துவிட்டு மேலே வரலாம் என்று திட்டம் போட்டு, ஒரு பந்தயத்துக்காக மூழ்கினார். முன்பு சுமார் 30 அடி வரை போய் வந்திருந்தவர், இந்த முறை நூறு அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கினார். மேலே வரவே இல்லை. நீர்மூழ்கியில் இறந்ததாகப் பதிவான முதல் மனிதர் அவர். ஒரு முறை சின்ன ஆழத்தில் தாங்கிய மரம் பெரிய ஆழத்திலும் தாங்கும் என்று எடுத்துக்கொண்டதற்குக் கொடுத்த விலை அது. ஆளே இல்லாமல், கயிற்றில் கட்டி, நீங்கள் போக நினைப்பதைவிட இரண்டு மடங்கு ஆழத்துக்கு இறக்கிச் சில மணி நேரம் வைத்து எடுத்துப் பார்க்காத கலத்தில் யாரும் ஏறக் கூடாது.

கேள்வி: கடலில் விட அனுமதி வேண்டுமா? – ராமநாதபுரம் வாசகர்

பதில்: கேட்காமல் இறங்கவே இறங்காதீர்கள். உங்கள் கடற்கரை கடற்படை, கடலோரக் காவல் படை, கடலோரக் காவல் குழுமம் எல்லோரும் கண்காணிக்கும் பகுதி, மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவும் இருக்கிறது. முன்கூட்டி எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். என்னைக் கேட்டால் முதல் சோதனைகளுக்குக் கடலே தேவையில்லை, கால் எட்டுகிற ஆழமுள்ள நீச்சல் குளமோ, உரிமையாளர் சம்மதித்த பெரிய பண்ணைக் குட்டையோ போதும். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எப்போதும் நிற்கட்டும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். சென்னையில் செய்யும் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் நீர்மூழ்கி ஏன் டைட்டானியத்தில்? மரத்தில் நான் ஏதாவது செய்து பார்க்கலாமா? – திருநெல்வேலி மாணவி

பதில்: அது 6,000 மீட்டருக்குப் போக வேண்டும்மா. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 600 கிலோவுக்கு மேல் அழுத்தும். அதற்குத்தான் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2.1 மீட்டர் விட்டத்தில், 80 மி.மீ. தடிமனில் டைட்டானியக் கோளத்தை வைத்திருக்கிறது, மூன்று பேர் உட்காரலாம். டைட்டானியம் எஃகைவிட எடை குறைவு, உப்புத்தண்ணீரில் துருப்பிடிக்காது.

நீ தாராளமாகச் செய்யலாம், ஆள் ஏறாத மாதிரி. அரை மீட்டர் நீளத்தில் மரச்சட்டம், நடுவில் அக்ரிலிக் குழாய், இரண்டு முனையிலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்ட மூடி, உள்ளே ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, அதில் தண்ணீர் ஏற்றி இறக்க ஒரு பெரிய ஊசிக்குழல். முதலில் பாரத்தை மேலே கட்டிப் பார், அது குப்புறக் கவிழும். அப்புறம் கீழே கட்டிப் பார். தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது மூக்கு ஏன் மேலும் கீழும் ஆடுகிறது, அந்தத் தொட்டியை நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்தால் என்ன ஆகிறது என்று குறித்து வை. பெரியவர்கள் கட்டும் கலத்திலும் இதே பிரச்சினைதான் வருகிறது. வரைபடம் அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறோம்.

கேள்வி: அக்ரிலிக் ஜன்னல் மங்கிவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? – புதுச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் படக் கூடாது, அழுத்தத்தில் இருந்த அக்ரிலிக்கில் இவை பட்டால் நுண்வெடிப்பு உடனே பரவும். முதலில் நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் ஓடவிடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணி. காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். அப்படிச் செய்தும் மங்கல் போகவில்லை என்றால் ஜன்னலை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளிக் கோடுகள் மினுங்கினால் அது அழுக்கு இல்லை, வெடிப்பு. கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள்.